ட்வீட் போடாதே என்று சொன்ன கான்ஃபரன்ஸ்

இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிப் பேசப்போறோம். குறிப்பாக, அங்கே கான்ஃபரன்ஸ் என்று சொல்கிற ஒன்றைப் பற்றி. மாநாடு என்று நினைத்துவிடாதீங்க. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து, நமக்குள்ளேயே ஆடிக்கொள்வோம், அட்டவணை போடவும் நடுவர்களை அனுப்பவும் டிவி பணத்தைப் பங்கு பிரிக்கவும் ஒரு பொது ஆபீஸ் இருக்கட்டும் என்று செய்துகொண்ட ஏற்பாடு அது. பிக் டென் கான்ஃபரன்ஸ் 1896-இல் பிறந்தது. எஸ்இசி எனப்படும் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் 1932-இல்.

ரசிகனுக்கும் இந்த ஆபீஸுக்கும் என்ன ஒட்டு உறவு? பெரிதாக ஒன்றும் கிடையாது. அவன் அலபாமா ரசிகன், அல்லது மிச்சிகன் ரசிகன். அப்பா படித்த கல்லூரி, பிறந்த ஊர், அந்தச் சட்டையின் நிறம், இதுதான் அவனுக்கு எல்லாம். எஸ்இசி ரசிகர்கள் மட்டும் "எஸ்-இ-சி" என்று கான்ஃபரன்ஸ் பெயரையே கோஷமாகப் போடுவார்கள். மற்ற இடங்களில், நடுவர் தப்பாக விசில் ஊதினால் யாரைத் திட்டுவது என்பதற்குத்தான் அந்தப் பெயர் பயன்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள 1984-க்குப் போகணும். அதுவரை கல்லூரி ஃபுட்பாலில் எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்சிஏஏ என்ற ஒரே அமைப்பு முடிவு செய்தது. (இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தோடு ஆடுகிற அமெரிக்க ஆட்டம்.) நிறைய ஆட்டங்களை டிவியில் காட்டினால் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்பது அவர்கள் பயம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. இந்தக் கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்புச் சொல்லியது. ஒளிபரப்பு உரிமை கல்லூரிகள் கைக்கு வந்தது. அதைச் சேர்த்து விற்கிற வியாபாரியாக கான்ஃபரன்ஸ் மாறியது. 2008-இல் எஸ்இசி, ஈஎஸ்பிஎன் சேனலோடு போட்ட ஒப்பந்தம் 15 வருஷத்துக்கு 225 கோடி டாலர்.

அவ்வளவு விலைக்கு விற்ற சரக்கை யாராவது இலவசமாகக் கொடுத்தால்? 2009 ஆகஸ்டில் அந்தப் பயம் எஸ்இசிக்கு வந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற யாரும் ஆட்டத்தைப் பற்றிய வர்ணனை, படம், வீடியோ, எந்தத் தகவலையும் தயாரிக்கவோ பரப்பவோ கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். அந்த விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், 90,000 பேர் உட்கார்ந்திருக்கிற ஸ்டேடியத்தில் ஒருவர் "டச்டவுன்!" என்று ட்வீட் போட்டாலே குற்றம். ட்விட்டருக்கு அப்போது மூணு வயசு, ஐபோனுக்கு ரெண்டு.

கேலி எங்கே கிளம்பியது? அதே ட்விட்டரில்தான். சில நாட்களிலேயே எஸ்இசி இறங்கி வந்தது. ஸ்கோர், சின்னக் குறிப்பு, சொந்த உபயோகத்துக்கான போட்டோ எல்லாம் பரவாயில்லை, ஆட்டத்தின் வீடியோ மட்டும் கூடாது என்று திருத்தினார்கள். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் கான்ஃபரன்ஸ்களின் சோஷியல் மீடியா வரலாறு இந்தப் பின்வாங்கலில்தான் தொடங்குகிறது. ரசிகன் பேசுவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான், அவன் பேச்சில் நாமும் சேர்ந்துகொள்ளலாமே என்று யோசித்தார்கள்.

அதிலும் முந்தியது ரசிகர்கள்தான். மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்று ஒன்று, சுருக்கமாக மேக். ஓஹையோ, மிச்சிகன் பக்கத்துச் சின்னக் கல்லூரிகள். சனிக்கிழமை பெரிய அணிகள் ஆடும்போது இவர்களை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நவம்பர் குளிரில், செவ்வாய், புதன் இரவுகளில் ஆட ஒத்துக்கொண்டார்கள். அந்த ராத்திரியில் டிவியில் வேறு கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் பெரும்பாலும் இருக்காது. 2011 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை, நார்தர்ன் இல்லினாய் 63, டொலீடோ 60. இந்த மாதிரி பைத்தியக்கார ஆட்டங்களுக்கு ரசிகர்கள் வைத்த ஹேஷ்டேக் "மேக்ஷன்". கான்ஃபரன்ஸ் அதை அப்படியே எடுத்துத் தன் விளம்பரப் பெயராக ஆக்கிக்கொண்டது. புத்திசாலித்தனம்தான். காசு கொடுத்துப் பிடித்த முழக்கங்களுக்கு அந்த உயிர் வராது. எஸ்இசி 2016-இல் "இட் ஜஸ்ட் மீன்ஸ் மோர்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எஸ்இசி அணி ஏதாவது அசிங்கமாகத் தோற்கும்போதெல்லாம் எதிரணி ரசிகர்கள் அதையே எடுத்துத் திருப்பி அடிக்கிறார்கள்.

மேற்குக் கடற்கரையில் பேக்-12. அங்கே ராத்திரி ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம், நியூயார்க் கடிகாரத்தில் பத்தரை. முடியும்போது அங்கே நடுநிசி தாண்டி ரெண்டு மணி. கிழக்கே பாதி நாடு தூங்கிவிடும். தூங்காதவர்கள் ட்விட்டரில் கூடினார்கள், "பேக்-12 ஆஃப்டர் டார்க்" என்று பெயர் வைத்தார்கள். 2014 அக்டோபரில் வாஷிங்டன் ஸ்டேட்டின் கானர் ஹாலிடே ஒரே ஆட்டத்தில் 734 கெஜம் பந்து வீசினார். கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவில் அதுவரை யாரும் அவ்வளவு வீசியதில்லை. அப்படியும் கலிபோர்னியா, பெர்க்லி அணியிடம் 60-59 என்று தோல்வி! கடைசி நொடிகளில் வெறும் 19 கெஜத்திலிருந்து உதைத்தது கோல் ஆகவில்லை.

இந்தக் கான்ஃபரன்ஸ் சோஷியல் மீடியாவில் யாருக்கும் பின்தங்கியதில்லை. 2016-இல் ட்விட்டரோடு ஒப்பந்தம் போட்டு, வாலிபால், சாக்கர் மாதிரி ஆட்டங்களை அங்கேயே நேரடியாகக் காட்டியது. ஆனால் அதன் சொந்த டிவி சேனலை டைரக்டிவி கடைசி வரை எடுத்துக்கொள்ளவில்லை. பணத்தில் பிக் டென்னும் எஸ்இசியும் எங்கேயோ போய்விட்டன. 2022-இல் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் வெளியேறுவதாக அறிவித்தன. 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள். பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு: ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்திருந்தவர்களின் ஹேஷ்டேக்கை எந்த டிவி கம்பெனியும் ஒப்பந்தத்தில் கணக்கில் சேர்க்கவில்லை.

பெர்க்லி? பசிபிக் கரையில் இருந்துகொண்டே அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. 2024-இல் அதன் ரசிகர்கள் புது எதிரிகளை வரவேற்ற விதத்தைப் பார்க்கணும். பெர்க்லி என்றாலே இடதுசாரி ஊர் என்று மற்றவர்கள் செய்யும் கிண்டலைத் தாங்களே எடுத்து மீம் மேல் மீமாகப் போட்டார்கள். அதற்கு "கேல்காரிதம்" என்று பெயர். கான்ஃபரன்ஸ் ஆபீஸில் யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை அது. ஆனால் அந்த அக்டோபரில் ஈஎஸ்பிஎன்-னின் "காலேஜ் கேம்டே" நிகழ்ச்சி முதல் தடவையாக பெர்க்லிக்கு வந்தது. விடியும் முன்னே மாணவர்கள் பதாகைகளோடு குவிந்துவிட்டார்கள். அன்று இரவு மியாமியோடு ஆட்டம். பெர்க்லி 35-10 என்று முன்னிலையில் இருந்து, 39-38 என்று தோற்றது. ஆட்டம் முடிந்தபோது நியூயார்க்கில் மணி கிட்டத்தட்ட ரெண்டு.