பத்து பவுண்டுக்கு ஒரு உடல்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் இருட்டானது. ராத்திரி தனியா இயர்போன்ல கேட்கிறவங்க லைட்டைப் போட்டுக்கோங்க.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. அங்கே வேவர்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல 'எடின்பரோ டஞ்சன்'னு ஒரு இடம் இருக்கு. 2000-ல தொடங்கினாங்க. நம்ம ஊர் பொருட்காட்சி பேய் வீடு மாதிரின்னு நினைச்சா பாதி சரி. இங்கே பழைய காலத்து உடையில நிஜ நடிகர்கள் இருப்பாங்க. டிக்கெட் வாங்கினவங்களை ஒரு குழுவா சேர்த்து, ஒவ்வொரு இருட்டு அறையா நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொரு அறையும் அந்த நகரத்தோட, அந்த நாட்டோட ஒரு பயங்கரக் கதை.

அதுல ஒண்ணு, குகையில குடும்பத்தோட வாழ்ந்து மனுஷங்களைத் தின்ன சாவ்னி பீன் கதை. அப்படி ஒருத்தன் இருந்ததுக்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் கிடையாது. இன்னொண்ணு பர்க், ஹேர்ங்கிற ரெண்டு கொலைகாரங்க கதை. அது முழுக்க நிஜம், நீதிமன்றத்துல பதிவானது. ஆனா பார்க்கிறவங்களுக்கு ரெண்டுக்கும் அதே இருட்டு, அதே அலறல். இதுதான் எனக்கு உறுத்துது. ஏன்னா பர்க்கையும் ஹேரையும் வெறும் பூச்சாண்டியா பார்த்துட்டு வந்தா, கதையில இருக்கிற பெரிய திகிலைத் தவறவிட்டுடுவோம்.

முதல்ல கதையைச் சொல்லிடறேன்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல எடின்பரோ மருத்துவப் படிப்புக்குப் பேர் போன ஊர். உடற்கூறியல் படிக்கணும்னா மனித உடல் வேணும். ஆனா சட்டப்படி கிடைச்சது முக்கியமா தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களோட உடல்கள். அதுக்கு மேல கொஞ்சம். மாணவர்கள் கூடிக்கிட்டே போனாங்க, உடல்கள் போதல. அதனால கல்லறைத் திருட்டு ஒரு தொழிலாவே ஆயிடுச்சு. ராத்திரியில தோண்டி, புதுப் பிணத்தை எடுத்து, காலையில மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. வசதி உள்ள குடும்பங்கள் கல்லறை மேல இரும்புக் கூண்டு போட்டுக்கிட்டாங்க. எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்துல அந்தக் கூண்டுகளை இப்பவும் பார்க்கலாம். வசதி இல்லாதவங்க? ராத்திரி முழுக்கக் கண்விழிச்சுக் காவல் காத்தாங்க.

வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் ரெண்டு பேருமே அயர்லாந்துல இருந்து கால்வாய் வெட்ட வந்த கூலித் தொழிலாளிகள். பிறகு ஹேர், வெஸ்ட் போர்ட் பகுதியில ஒரு மலிவான தங்கும் விடுதியை நடத்துறான். 1827 நவம்பர்ல அங்கே தங்கியிருந்த டொனால்டுங்கிற வயசான முன்னாள் சிப்பாய், நோயில இறந்துபோறார். ஹேருக்கு 4 பவுண்டு பாக்கி. சவப்பெட்டியில மரப்பட்டையை நிரப்பி அனுப்பிட்டு, உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸோட உடற்கூறியல் பள்ளிக்கு எடுத்துட்டுப் போறாங்க. கிடைச்சது 7 பவுண்டு 10 ஷில்லிங்.

அங்கேதான் கணக்கு மாறுது. அடுத்த ஆள் தானா சாகுற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

1828-ல சுமார் பத்து மாசத்துக்குள்ள 16 பேரைக் கொன்னாங்க. குடிக்கக் கொடுத்து, மூக்கையும் வாயையும் பொத்தி, காயம் தெரியாம. ஒரு உடலுக்கு 8-லிருந்து 10 பவுண்டு. அன்னைக்கு அது ஒரு கூலித் தொழிலாளியோட பல மாசச் சம்பளம்.

செத்தவங்க யாருன்னு பாருங்க. பெரும்பாலும் பெண்கள், ஏழைகள், வேலை தேடி ஊருக்கு வந்தவங்க, கேட்க நாதி இல்லாதவங்க. சிலரோட பேர்கூடப் பதிவாகல. ஊருக்கே தெரிஞ்ச ஒரே ஆள் ஜேமி வில்சன். அறிவு வளர்ச்சி குறைஞ்ச 18 வயசுப் பையன், தெருவெல்லாம் சுத்துறவன். அவன் உடல் மேசைக்கு வந்ததும் மாணவர்கள் அடையாளம் கண்டுக்கிட்டாங்க. நாக்ஸ் அது அவன் இல்லன்னு சொல்லிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாவே அறுக்கத் தொடங்கிட்டார்.

மாட்டினது எப்படி? 1828 அக்டோபர் 31 ராத்திரி மார்கரெட் டோஹர்ட்டிங்கிற பெண்ணைக் கொன்னாங்க. மறுநாள் வைக்கோலுக்கு அடியில இருந்த உடலை, அங்கே தங்கியிருந்த கிரே தம்பதி பார்த்துட்டாங்க. வாயைத் திறக்காம இருந்தா வாரம் 10 பவுண்டு தர்றோம்னு பேரம் பேசினாங்க. கிரே தம்பதியும் பஞ்சத்துல அடிபட்டவங்கதான். ஆனாலும் நேரா போலீஸுக்குப் போனாங்க. இந்தக் கதையில எனக்கு மறக்க முடியாத ஆட்கள் இவங்கதான்.

ஹேர் அப்ரூவராகித் தப்பிச்சான். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்னைக்கு 20,000-க்கும் அதிகமான கூட்டத்துக்கு முன்னால தூக்கிலிட்டாங்க. பிறகு அவனையும் அறுத்தாங்க. அவன் எலும்புக்கூடு இன்னைக்கும் எடின்பரோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்துல இருக்கு.

நியாயம் கிடைச்சாச்சு, கதை முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகணும்? பணம் கொடுத்து வாங்கினவர் என்ன ஆனார்?

டாக்டர் நாக்ஸ் மேல வழக்கே போடல. ஒரு உடலைப் பார்த்து, ரொம்பப் புதுசா இருக்குன்னு திருப்திப்பட்டார், கேள்வி எதுவும் கேட்கலன்னு பர்க்கோட வாக்குமூலம் சொல்லுது. ஊர் மக்கள் அவர் கொடும்பாவியை எரிச்சாங்க. அவர் பின்னாடி லண்டனுக்குப் போயிட்டார். 1850-ல மனித இனங்களை உயர்வு தாழ்வா பிரிக்கிற ஒரு புத்தகமும் எழுதினார்.

சரி, இதுக்கு அரசாங்கம் கண்டுபிடிச்ச தீர்வு என்ன? 1831-ல லண்டன்லயும் இதே மாதிரி கொலைகள் வெளிவந்துச்சு. 1832-ல நாடாளுமன்றம் உடற்கூறியல் சட்டத்தைக் கொண்டு வந்தது. கொலைகாரர்களை அறுக்கிற தண்டனையை அது ஒழிச்சது. அதுக்குப் பதிலா, ஏழைகள் காப்பகங்கள்லயும் மருத்துவமனைகள்லயும் இறந்து, உறவுக்காரங்க வந்து கேட்காத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம்னு வழி செஞ்சது.

கல்லறைத் திருட்டு அடங்கிடுச்சு, மருத்துவமும் வளர்ந்தது. அதை மறுக்க முடியாது. ஆனா வரலாற்றாசிரியர் ரூத் ரிச்சர்ட்சன் 1987-ல வந்த தன்னோட ஆய்வு நூல்ல காட்டுறது இதுதான்: அதுவரைக்கும் கொலைக்குத் தண்டனையா இருந்த ஒண்ணு, அப்புறம் வறுமைக்குத் தண்டனையா மாறிடுச்சு. பர்க்கும் ஹேரும் யாரைக் குறிவச்சாங்களோ, சட்டமும் அவங்களையேதான் கைகாட்டுச்சு. கொலை மட்டும் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேற வழியே இல்லையான்னா, இருந்தது. தத்துவவாதி ஜெரமி பெந்தம் அதே 1832-ல இறந்தார். தன் உடலை அறுத்துப் படிக்கணும்னு உயிலே எழுதி வச்சிருந்தார், அப்படியே நடந்தது. பிரிட்டன்ல இன்னைக்கு இருக்கிற சட்டமும் அதுதான். உயிரோட இருக்கும்போதே எழுத்துல சம்மதம் கொடுத்தவங்க உடலை மட்டும்தான் மாணவர்கள் படிப்புக்கு எடுத்துக்கலாம்.

இது எங்கேயோ ஸ்காட்லாந்து விஷயம்னு நினைக்காதீங்க. நம்ம சென்னை மாநிலத்துலயும் 1951-ல ஒரு உடற்கூறியல் சட்டம் வந்தது. யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுக்க அதுதான் வழி. நம்ம டாக்டர்கள் பல பேர் அப்படித்தான் உடற்கூறியல் கத்துக்கிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லல. அந்த மேசையில இருந்தவங்ககிட்ட யாரும் எப்பவும் சம்மதம் கேட்டதில்லைங்கிறதை நாம நினைச்சுப் பார்க்கணும்.

டஞ்சனுக்குப் போறது தப்புன்னு நான் சொல்ல வரல. பயந்து சிரிக்கிறது ஒரு ஜாலி, வரலாற்றுக்குள்ள நுழைய அதுவும் ஒரு கதவுதான். உள்ளே போனீங்கன்னா, கத்தியோட நிக்கிறவனைப் பார்த்துட்டு, அந்த அறையில இல்லாத ஆளையும் தேடுங்க. யார் பணம் கொடுத்தாங்க? கேள்வி கேட்காம யார் வாங்கினாங்க?

உடல் தானம் பத்தி உங்க வீட்டுல பேசியிருக்கீங்களா? பேசியிருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். லைட்டை இப்போ அணைச்சுக்கலாம்.