சுசேணன் எங்கே போனான்?

சஞ்சீவி மலை என்றதும் அனுமன் பெயர் தானாக வாயில் வரும். எந்த மூலிகை, எப்படிக் கொடுப்பது என்று தெரிந்தவன் பெயரைக் கேட்டால் இராமாயணம் கேட்டு வளர்ந்தவரும் தயங்குவார். வால்மீகியில் அவன் சுசேணன், தாரையின் தந்தை.

யுத்த காண்டத்தில் அவனுடைய வைத்தியம் சில இடங்களில் பேசப்படுகிறது. நாகபாசத்தில் இராமலக்குவர் சாய்ந்தபோது பாற்கடலோரச் சந்திர, துரோண மலைகளின் மூலிகைகளைச் சொல்கிறான். அதற்குள் கருடன் வந்துவிட, அவன் யோசனைக்கு வேலையில்லாமல் போகிறது. பிறகு இராவணனின் வேல் இலக்குவனைச் சாய்க்கிறது. இராமன் புலம்பிக்கொண்டிருக்க, சுசேணன் முகத்தின் நிறத்தைப் பார்க்கிறான், உள்ளங்கைச் சிவப்பைப் பார்க்கிறான். உயிர் இருக்கிறது என்கிறான். அனுமன் மலையோடு கொண்டுவந்த மூலிகையைப் பறித்து, நசுக்கி, மூக்கின் வழியே நசியமாகக் கொடுக்கிறான். நோயாளியைச் சோதித்து, மருந்தைத் தன் கையால் அரைத்துக் கொடுக்கும் வைத்தியனை இதிகாசத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அரிது.

இடையில், இந்திரசித்தின் பிரம்மாத்திரத்தில் சேனை விழுந்தபோது நான்கு மருந்துகளைச் சொல்பவன் சாம்பவான். கம்பன் பற்றிக்கொள்வது இந்த இழையைத்தான். மருத்துமலைப் படலத்தில் மாண்டவரை எழுப்புவது, பிளந்த உடலைப் பொருத்துவது, தைத்த படையைக் கிளப்புவது, பழைய உருவைத் தருவது என நான்கையும் சாம்பவான் அடுக்குகிறான். திருமால் உலகளந்த நாளில் தான் முரசறைந்து சுற்றியபோது முனிவர் வாயால் அறிந்ததாம். வேல் ஏற்ற படலத்திலும் மருந்துக்கு அனுமனை ஏவுபவன் அவனே. வைத்தியனின் கைப்பழக்கமாக இருந்தது, தமிழில் ஒரு கிழவனின் நினைவாகிவிட்டது. என் கணிப்பில் சுசேணன் தமிழர் நினைவில் மங்கத் தொடங்கியது இங்கேதான். 1574இல் இராமசரிதமானசைத் தொடங்கிய துளசிதாசரோ அவனை இலங்கையின் வைத்தியனாக்கி, அனுமன் வீட்டோடு பெயர்த்து வரச் செய்தார். வைத்தியரைச் சம்மதம் கேட்காமல் தூக்கி வருவது அன்றே நடந்திருக்கிறது!

வைத்தியன் மறைந்தாலும் மலை ஊர் ஊராகச் சிதறியது. திண்டுக்கல் சிறுமலை, குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலை, இலங்கையில் காலிக்கு அருகே ருமஸ்ஸல, அனுராதபுர மாவட்டத்தில் ரிட்டிகல என எல்லாமே அனுமன் கையிலிருந்து விழுந்த துண்டுகளாகச் சொல்லப்படுகின்றன. பாரதிதாசன் 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' எழுதி அந்தக் கதையையே கேலிக்கு இழுத்தார். உத்தராகண்ட் அரசு 2016இல் துரோணகிரிப் பக்கம் மூலிகையைத் தேட 25 கோடி ரூபாய் அறிவித்தது.

தாவரவியலாளர் சஞ்சீவியாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவற்றில், காய்ந்து சுருண்டாலும் நீர் பட்டால் விரியும் செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ் ஒன்று. மற்றொன்று கிரெஸ்ஸா கிரெட்டிகா. இது உவர்நிலச் செடி, மலைக்கதையோடு ஒட்டாது. பாக் நீரிணை ஓரத்து உப்புத்தரைக்குத்தான் ஏற்றது.

அந்த நீரிணையைப் பார்த்திருக்கும் ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளின் ஊர். இந்தக் கரைக்கு உரிய மருந்துக்கொடி அடும்பு. சங்கப் புலவர் நெய்தலில் பாடியது. இலை ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்திருக்கும். தாய்லாந்தில் சொறிமீன் பட்ட தோலுக்கு இதன் சாற்றைத் தடவுவது பழைய வழக்கம். அதை அங்கே ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். திருக்கை முள் குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் வலி தணியும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கட்டுமாவடிப் பக்கத்து மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்த இலையை எதற்குக் கசக்கிக் கட்டுகிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சொன்னவர் சம்மதித்தால், இலையின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள்.