குருதியை நிறுத்துதலே முதற்கடன்



சேர்வராயன் மலைமீதுள்ள வெள்ளக்கடை, காப்பியும் மிளகும் விளையும் பகுதியைச் சேர்ந்தது. மிளகு பறிப்போர் உயர்ந்த மரங்களில் ஏணி சார்த்தி ஏறுவர். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பெருஞ்சாலையிலோ 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய இடத்தில் ஒருவர் அடிபட்டால், மருத்துவரை அடையுமுன் கழியும் பொழுதே அவர் உயிரை முடிவு செய்யக்கூடும். அப்பொழுதை மருத்துவ உலகம் எவ்வாறு எண்ணி வந்தது என்னும் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1976-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் வயலில் வீழ்ந்தது. மனைவி மாண்டார்; மக்கள் நால்வரும் காயமுற்றனர். சிற்றூரில் அவர்கள் பெற்ற சிகிச்சை அவருக்கு நிறைவளிக்கவில்லை. தனித்து நிற்கும் மருத்துவரும் தடுமாறாது பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார். அவரும் தோழர்களும் வகுத்த பயிற்சி 1978-இல் தொடங்கிற்று. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை மேற்கொண்டது. முதலில் மூச்சுவழி, அடுத்து மூச்சு, பின்னர் குருதியோட்டம் என்பது அதன் வரிசை. எது விரைந்து கொல்லுமோ, அதனை முதலில் கவனிக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

அவ்வுட்கருத்து நிலைத்தது, வரிசைதான் மாறிற்று. தடுத்திருக்கக்கூடிய சாவுகளுக்குக் குருதிப்பெருக்கே பெருங்காரணம் என்பதைப் போர்க்களங்கள் காட்டின. உறுப்பே அழிந்துவிடும் என்று அஞ்சி நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த இறுக்குப்பட்டை மீண்டும் மதிப்புப் பெற்றது. 2025-இல் வெளிவந்த அப்பயிற்சியின் 11-ஆம் பதிப்பு, பெருங்குருதியை நிறுத்துதலை மூச்சுவழிக்கும் முன்னே வைத்தது.

இம்மாற்றத்தின் சிறப்பு யாது? மூச்சுவழியைச் சீராக்கத் தேர்ச்சி வேண்டும். காயத்தை அழுத்திப் பிடிக்கவோ இரு கைகளே போதும். ஆகவே அருகில் நிற்பவரே முதல் மருத்துவர் ஆகிறார். ஆனால் உதவப்போய் வழக்கில் சிக்குவோமோ என்னும் அச்சம் நம் நாட்டில் பலரைத் தடுத்து வந்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பளித்தது. தமிழ்நாட்டில் 2008-இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கிற்று. 2021-இல் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், சாலை விபத்துக்குள்ளானோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசின் பொறுப்பாக்கிற்று.

சட்டமும் ஊர்தியும் வந்துவிட்டன. எனினும் ஊர்தி மலையேறி வரும்வரை குருதி காத்திராதன்றோ? தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து வலுவாக அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பாராதீர்கள். அருகிலிருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அரை நூற்றாண்டு மருத்துவம் கற்ற பாடத்தின் முதல் வரி இதுவே. இதனைக் கற்க மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டுவதில்லை.