நீராடலும் உடலில் அமைந்த வாயிலும்

நாள்தோறும் நீராடுதல் நம் வாழ்வோடு ஒன்றிய பழக்கம். ஆற்றையோ குளத்தையோ கண்டால் இளைஞர்களுக்கு இறங்கி நீந்தாமல் இருக்க மனம் வராது. ஆனால், வாயால் உண்ண இயலாமல், வயிற்றில் பொருத்திய குழாய் வழியே உணவு பெறுவோர் நம்மிடையே இருக்கின்றனர். மார்பில் பொருத்திய குழாய் வழியே இரத்தத்தில் மருந்து ஏற்றிக்கொள்வோரும் இருக்கின்றனர். அவர்களுள் மாணவர்களாகிய உங்கள் வயதினரும் உண்டு. அவர்கள் நீரில் இறங்கலாமா? சிலர் அச்சத்தால் தேவையின்றி நீரை விட்டு விலகுகின்றனர். சிலர் அறியாமையால் இறங்கித் தீங்கைத் தேடிக்கொள்கின்றனர். இக்கேள்விக்கு உரிய விடையை மருத்துவ உலகம் சிறிது சிறிதாகவே கண்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள். வட அமெரிக்காவில் ஹியூரான் ஏரியிலுள்ள மாக்கினா தீவில், மென்மயிர்த் தோல் வணிகக் கடையொன்றில் துப்பாக்கி ஒன்று தற்செயலாக வெடித்தது. அலெக்சிஸ் செயிண்ட் மார்ட்டின் என்னும் கனடா நாட்டு இளைஞரின் இடப்பக்கம் சிதைந்தது, இரைப்பையும் கிழிந்தது. அங்கிருந்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட், அவர் பிழைப்பார் என்று எண்ணவில்லை. ஆயினும் பிழைத்தார். புண் ஆறியபோது, இரைப்பையின் கிழிந்த விளிம்பு வயிற்றுச் சுவரோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. துளை மூடவேயில்லை. உண்ட உணவு வெளியே வந்துவிடாதிருக்க அதன்மேல் துணி வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. பின்னர் உள்ளிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து, கதவுபோல அத்துளையை மறைத்தது.

1825-ஆம் ஆண்டு முதல் போமாண்ட் அத்துளையின் வழியே உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கி, அவை செரிக்கும் விதத்தை ஆராய்ந்தார். இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு என்பதும் சோதனையால் உறுதிப்பட்டது. இவ்வாராய்ச்சிகளை அவர் 1833-இல் நூலாக வெளியிட்டார். எழுதப் படிக்க அறியாத ஓர் ஏழைத் தொழிலாளி பல ஆண்டுகள் பட்ட தொல்லையின் பயன் அந்நூல் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் பொருளுக்கு மிகவும் தேவையான செய்தி ஒன்று உண்டு. 1831-இல் செயிண்ட் மார்ட்டின் தம் மனைவி மக்களோடு திறந்த தோணியில் புறப்பட்டு, மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகளையும் பெரிய ஏரிகளையும் கடந்து மாண்ட்ரீல் நகரை அடைந்தார். வயிற்றில் துளையோடு உழைத்து வாழ்ந்த அவர் 1880-இல்தான் மறைந்தார். சுற்றிலும் உள்ள திசு ஒட்டி ஆறிவிட்டால், இரைப்பையில் ஒரு வாயில் இருப்பினும் மனிதன் நெடுநாள் வாழலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இத்தகைய வாயிலை மருத்துவர்களே அமைத்தல் எளிதாக இருக்கவில்லை. 1849-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செடியோ என்னும் அறுவை மருத்துவர் முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. புண்கள் சீழ்ப்பிடிப்பதற்குக் கிருமிகளே காரணம் என்ற கொள்கையைக் கொண்டு, லிஸ்டர் 1867-இல் தம் புதிய சிகிச்சை முறையை வெளியிட்டார். 1876-இல் பாரிஸ் நகரில் வெர்னேய் செய்த அறுவை பலித்தது. காரப்பொருளை விழுங்கியதால் தொண்டைக்குக் கீழே வழி அடைபட்டிருந்த ஓர் இளைஞன் அதனால் உயிர் பெற்றான். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1979-இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் காடரர், பான்ஸ்கி என்னும் இருவர், வயிற்றைப் பெரிதாக அறுக்காமலே, உள்நோக்குக் கருவியின் துணையால் குழாயைப் பொருத்தும் முறையைக் கண்டனர். வெளியே நீண்டு தொங்காத பொத்தான் போன்ற அமைப்பு 1984-இல் வெளியாயிற்று.

இனி இரண்டாவது வாயிலுக்கு வருவோம். குடலே பயன்படாத நோயாளிக்கு, சத்துப்பொருள் முழுவதையும் பெரிய சிரை வழியே செலுத்தி வளர்க்கலாம் என்பதை 1960-களின் பிற்பகுதியில் பிலடெல்பியா நகரில் டட்ரிக் குழுவினர் காட்டினர். அதற்கு நெடுநாள் நிலைத்திருக்கும் குழாய் தேவைப்பட்டது. 1973-இல் பிரோவியாக், 1979-இல் ஹிக்மன் ஆகியோர் பெயர்களில் அமைந்த குழாய்கள் அறிமுகமாயின. இவை மார்பின் தோலுக்கு அடியில் சிறிது தூரம் சென்று சிரையை அடைவன. குழாயைச் சுற்றியுள்ள ஒரு துணிப்பட்டையில் திசு வளர்ந்து பற்றிக்கொள்ள, கிருமிகள் குழாயின் புறமாக உள்ளே செல்வது தடைப்படும். ஆயினும், மருந்து ஏற்றும் வெளிமுனை வழியாகவும் கிருமிகள் நுழையக்கூடும்.

இவ்விரு வாயில்களும் ஒன்றல்ல. இரைப்பை, உணவோடு நாள்தோறும் வரும் கிருமிகளை ஏற்றுப் பழகிய இடம். அதன் அமிலம் அவற்றுள் பலவற்றைக் கொன்றுவிடும். இரத்தமோ கிருமிகள் இருக்கலாகாத இடம். அங்கே நுழையும் கிருமி சிறிது நேரத்தில் உடலெங்கும் பரவிவிடும். தெளிந்து தோன்றும் நீரிலும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வாழ்கின்றன.

ஆகவே விடையும் இரண்டாகிறது. இரைப்பைக் குழாய் பொருத்தியவர், புண் நன்கு ஆறியதும், மருத்துவர் இசைவோடு சோப்பும் நீரும் கொண்டு குளிக்கலாம். பலர் நீந்தவும் செய்யலாம். முன்னதாக மூடியை இறுக மூட வேண்டும். பின்னர்த் தூய நீரால் கழுவி, சுற்றுப்புறத் தோலை ஈரமின்றித் துடைக்க வேண்டும். தேங்கிய குட்டைநீர் ஆகாது. சிரைக் குழாய் உடையவரோ அதனை நீரில் அமிழ்த்தலாகாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட நெறிமுறையும் இதையே கூறுகிறது. குழாயையும் அதன் இணைப்பு முனையையும் நீர் புகாத உறையால் மூடினால் பூவாளி நீரில் குளிக்கலாம் என்றும் அது இசைகிறது. மூடியிருக்கும் கட்டு நனைந்துவிட்டால் உடனே மாற்றுதல் வேண்டும். குளிரும் காய்ச்சலும் தோன்றினால் சிறிதும் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

1980-களில், தோலுக்கு அடியில் முழுதும் மறையுமாறு வைக்கும் மருந்துச் சிமிழ் வழக்கிற்கு வந்தது. புண் ஆறி, ஊசியும் செருகப்படாதிருக்கும்போது தோலே அதற்குக் கதவாகிறது. அதை உடையோர், மருத்துவர் இசைந்தால், நீந்தலாம்.

மாணவர்களே! உங்கள் தோழர் ஒருவர் உடலில் குழாயோடு நீர்த்துறைக்கு வந்தால், அவரை விலக்கி நிறுத்தவும் வேண்டாம். அறியாமல் உள்ளே இழுக்கவும் வேண்டாம். அக்குழாய் இரைப்பைக்குச் செல்கிறதா, இரத்தத்திற்குச் செல்கிறதா, மருத்துவர் யாது சொன்னார் என்பதை அவரிடம் அன்போடு கேளுங்கள். கரையில் இருக்க வேண்டியவராயின், நீங்களும் சிறிது நேரம் அவரோடு கரையில் அமர்ந்திருங்கள்.