ஒன்பது வேதபாடங்கள்

பண்டிகை வேலைகளின் நெருக்கடியில் கிறிஸ்துவே ஓரம் தள்ளப்படுகிறார் என்ற கவலை டிசம்பர்தோறும் சபைகளில் எழுகிறது. புத்தாடை, பலகாரம், நட்சத்திர விளக்கு, கேரல் ரவுண்ட்ஸ், சண்டே ஸ்கூல் நாடகம் என்று மாதம் ஓடிவிடுகிறது. அதிகாலை ஆராதனைக்கு வரும்போது உடம்பும் மனசும் களைத்துப்போயிருக்கின்றன. கடைகளும் விளம்பரங்களும் வந்த பிறகுதான் இந்த நிலை என்று நினைப்பது சரியல்ல. இங்கிலாந்து திருச்சபையின் வரலாற்றில் இதே கவலைக்கு இரண்டு விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள். முதலில் பண்டிகையையே தடைசெய்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், பண்டிகைச் சத்தத்தின் நடுவிலேயே வேதத்தைத் திறந்து வாசித்தார்கள். விசுவாசத்தைக் காப்பாற்றியது இரண்டாவது வழிதான்.

முதல் வழியில் போனவர்கள், வேதத்தில் இல்லாததைத் திருச்சபையிலிருந்து நீக்கவேண்டும் என்ற பியூரிட்டன்கள். அவர்களைச் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது அநியாயம். டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை என்றார்கள், அது உண்மை. பன்னிரண்டு நாள் குடித்து, சூதாடிவிட்டு அதற்கு ஆண்டவரின் பெயரை வைப்பது அவமதிப்பு என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 1647 ஜூனில், அவர்கள் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸை ஒழித்துச் சட்டம் போட்டது. அந்த டிசம்பரில் கான்டர்பரி மேயர் பண்டிகை நாளன்று கடை திறக்கச் சொல்ல, திறந்த கடைகளை ஜனங்கள் அடித்து நொறுக்கினார்கள். கடல் கடந்து மாசசூசெட்ஸிலும் 1659-இல் ஒரு சட்டம் வந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்தினாலோ விருந்து வைத்தாலோ 5 ஷில்லிங் அபராதம். 1681-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். இவற்றைவிடக் கவனிக்கவேண்டிய சம்பவம் 1657-இல் லண்டனில் நடந்தது. கிறிஸ்துமஸ் நாளில் சிற்றாலயம் ஒன்றில் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் படைவீரர்கள் துப்பாக்கியோடு சுற்றி வளைத்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவரான ஜான் ஈவ்லின் அதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். விருந்தும் குடியும் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சபையாகக் கூடும் ஆராதனை அப்படி ஒளிய முடியாது. ஆரவாரத்தை அடக்க வந்த சட்டத்தில் கடைசியில் மாட்டியது ஜெபம்தான்.

இரண்டாவது வழி கார்ன்வாலில் ட்ரூரோ என்ற சிறு நகரத்தில் பிறந்தது. 1880-இல் அங்கே புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். வேலை முடியும்வரை சபை ஒரு தற்காலிக மரக்கொட்டகையில் கூடியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு 10 மணிக்கு, முதல் பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் அந்தக் கொட்டகையில் ஒரு புதிய ஆராதனையை நடத்தினார். மதுக்கடைக்குப் போகிற ஆண்களை இழுக்கத்தான் அந்த நேரத்தை வைத்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஊர் மக்கள் வீடுவீடாகப் போய்ப் பாடிக்கொண்டிருந்த கீதங்களை அவர் தடுக்கவில்லை. அவற்றின் இடையிடையே ஒன்பது சிறிய வேதபாடங்களை வைத்தார். முதல் பாடத்தைப் பாடகர் குழுவின் சிறுவன் ஒருவன் வாசித்தான். படிப்படியாக மேலேறி, கடைசிப் பாடம் பேராயருடையது. வயதும் பதவியும் எப்படியிருந்தாலும் எல்லோரும் ஒரே வார்த்தைக்குக் கீழே நிற்கவேண்டும் என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

1918-இல் இதே முறையை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட். போர்க்களத்தில் படைக்குருவாக இருந்து திரும்பியவர். முதல் உலகப்போர் நின்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. ஆராதனைத் தொடக்கத்துக்கு அவர் எழுதிய ஜெபம் பண்டிகை மகிழ்ச்சியோடு நிற்கவில்லை. ஏழைகள், பசித்தவர்கள், நோயாளிகள், துக்கப்படுகிறவர்கள், நமக்கு முன்னே கரைசேர்ந்தவர்கள் எல்லோரையும் அது நினைக்கச் சொல்கிறது. பாடங்களின் ஒழுங்கும் அப்படித்தான். ஏதேனில் ஆதாம் ஒளிந்துகொள்ளும் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கி, ஆபிரகாம், ஏசாயா வழியாக பெத்லகேமுக்கு வந்து, யோவான் முதல் அதிகாரத்தில் முடிகிறது. அதை வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். குழந்தை ஏன் பிறக்கவேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் தொழுவத்தை மட்டும் காட்டினால் கிறிஸ்துமஸ் ஒரு அழகான காட்சியாகவே நின்றுவிடும். 1928-இல் பி.பி.சி. வானொலி இதை ஒலிபரப்பியது. 1930 தவிர ஆண்டுதோறும் ஒலிபரப்பு தொடர்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்ட, கணப்பு இல்லாத ஆலயத்திலும் ஆராதனை நடந்தது.

இதுவும் நாளடைவில் கச்சேரியாகிவிடவில்லையா, குரலைக் கேட்கத்தானே கூட்டம் வருகிறது என்று கேட்கலாம். கேள்வி சரியானதுதான். குரலுக்காகவே வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அப்படி வந்தவரும் ஆதாமின் கீழ்ப்படியாமையைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. பியூரிட்டன்களின் தடை வெளியே நிறுத்திய ஆளை இந்த ஆராதனை உள்ளே அழைத்து உட்காரவைக்கிறது. கேட்டவர் மனம் திரும்புவாரா என்பது ஆண்டவர் கையில் இருக்கிறது. கேட்கவைப்பது சபையின் வேலை.

ஆங்கிலிக்கன் மரபு வழியாக இந்த முறை தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் வந்து, கீத ஆராதனை என்று வேரூன்றியிருக்கிறது. நேரம் போதாதபோது நம் கை முதலில் போவது வேதபாடங்களின் மேல்தான். இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கிறவர்கள் இரண்டு பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமப் பகுதியை வெட்டாதீர்கள். அதை ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுத்து, ஒரு வாரம் பழக்கி, நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள்.