சித்தூர் ஜில்லாவில் வாடகைச் சட்டம்

1911இல் உருவான சித்தூர் ஜில்லா 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்ததால், அங்கு வாடகைக் கட்டுப்பாடும் சென்னையிலிருந்தே வந்தது. போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த அந்த ஏற்பாடு 1946இல் சட்டமாகி, 1949இல் புதுச் சட்டமாக வந்தது. ஆந்திரம் பிரிந்த பின்னும் அது நீடித்தது. 1960இல் ஆந்திரப் பிரதேசத்துக்குத் தனிச் சட்டம் வந்தது.

சொந்த வீட்டுக்குப் பணம் சேர்க்கும் குடித்தனக்காரர் அஞ்சியது, திடீரென்று காலி செய்யச் சொல்வதைத்தான். வாடகை பாக்கி, உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை போன்ற காரணங்களுக்கு மட்டுமே வெளியேற்றலாம் என்றது சட்டம். வாடகையை வாங்க மறுத்து, பிறகு பாக்கி என்று வழக்குப் போடும் தந்திரத்துக்கும் மாற்று இருந்தது. குடித்தனக்காரர் முதலில் வங்கிக் கணக்கு கேட்டு நோட்டீஸ் தர முடிந்தது. பதில் இல்லையென்றால், கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப முடிந்தது. அதுவும் திரும்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்ட முடிந்தது. அந்த மணியார்டர் ரசீதே அவருக்குக் கவசமாக இருந்தது.

ஆனால் 26.8.1957 அன்றோ அதற்குப் பின்னோ கட்டிய கட்டடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை. அப்போது அந்த ஜில்லாவில் இருந்த திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தொடங்கியதோ 1954இல். அதை ஒட்டி அந்தத் தேதிக்குப் பின் எழுந்த புது வீடுகள் பாதுகாப்புக்கு வெளியே நின்றன. புதுக் கட்டுமானத்தை ஊக்குவிக்கத் தந்த சலுகை கால் நூற்றாண்டு நீடித்தது அநியாயம்தான். 1983இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையைத் தந்த பிரிவை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், கட்டி 10 ஆண்டு ஆகாத கட்டடங்களுக்கும், மாத வாடகை 1,000 ரூபாயைத் தாண்டியவற்றுக்கும் அரசு மீண்டும் விலக்கு அளித்தது.