தெசூகாவின் திரை நுழைவு: மியாசாகியின் தீர்ப்பை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஜப்பானிய மங்கா ஓவியர்கள் திரைப்பட இயக்கத்துக்கு வந்த வரலாற்றை எழுதுவோரில் பலர், தெசூகா ஒசாமுவைக் காகிதத்தில் மேதை, திரையில் தோல்வி என்று இரண்டாகப் பிளந்துவிட்டுத்தான் மேலே செல்கிறார்கள். இந்தப் பிளவுக்கு வலுவூட்டிய எழுத்து ஒன்று உண்டு. தெசூகா 1989 பிப்ரவரி 9 அன்று மறைந்தார். அதே ஆண்டு 'காமிக் பாக்ஸ்' இதழில் அனிமேஷன் இயக்குநர் மியாசாகி ஹயாவோவின் கட்டுரை வெளிவந்தது. மங்காவில் தெசூகாவின் இடத்தை ஒப்புக்கொள்கிறேன், அனிமேஷனில் அவர் செய்தது தவறு என்பது அதன் சாரம். மறைந்தவரைப் பற்றி உடனே இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். ஆனால் துணிச்சல் சான்றாகிவிடாது.

முதலில் 'சையூகி' விவகாரம். 1960 ஆகஸ்டில் தோயெய் நிறுவனம் வெளியிட்ட இந்தப் படம் தெசூகாவின் சொந்த மங்காவைத் தழுவியது. இயக்குநர்களாக யபுஷிதா தைஜி, ஷிரகாவா தைசாகு ஆகியோருடன் தெசூகாவின் பெயரும் இடம்பெறுகிறது. குரங்கு நாயகனின் காதலி இறுதியில் இறக்க வேண்டும், அப்போதுதான் பார்ப்பவர் மனம் உருகும் என்று தெசூகா வாதாடினார், ஸ்டுடியோ மறுத்தது, படத்தில் அவள் பிழைத்துக்கொள்கிறாள். இதைக் கேள்விப்பட்டபோதே தெசூகாவிடமிருந்து விலகிவிட்டதாக மியாசாகி சொல்கிறார். அவர் தோயெயில் சேர்ந்தது 1963இல். ஆக, இது அவர் கண்டதல்ல, ஸ்டுடியோவுக்குள் உலவிய பேச்சு. செய்தி பொய் என்பதல்ல என் வாதம். மூன்றாண்டுகள் வாய்வழியாக வந்த ஒரு பேச்சு, ஓர் இயக்குநரின் மொத்தக் கலைநோக்குக்கும் சாட்சியாக நிறுத்தப்படுகிறது என்பதே என் ஆட்சேபம்.

அடுத்தது 'ஒரு தெருமுனையின் கதை'. 1962 நவம்பர் 5 அன்று டோக்கியோவின் கின்ஸா பகுதியிலுள்ள யமஹா அரங்கில், தெசூகாவின் தொலைக்காட்சித் தொடரான 'ஆஸ்ட்ரோ பாய்' முதல் அத்தியாயத்தோடு சேர்த்து, அவருடைய ஸ்டுடியோவான முஷி புரொடக்‌ஷனின் முதல் படைப்பாகத் திரையிடப்பட்ட படம். சுவரில் ஒட்டிய இரண்டு சுவரொட்டிகள் ஒன்றையொன்று காதலிக்கின்றன; போர் வருகிறது; இராணுவக் காலணிகள் அவற்றை மிதிக்கின்றன; கிழிந்த தாள்கள் தீப்பொறிகளுக்கிடையே சுழன்று பறக்கின்றன. இந்தக் காட்சியைப் பார்த்து முதுகுத்தண்டு சில்லிட்டதாக, அதுவும் வெறுப்பில் சில்லிட்டதாக, மியாசாகி நினைவுகூர்கிறார்.

இங்கே ஒரு பாடபேதம் இருக்கிறது. மியாசாகியின் நினைவில் அந்த ஜோடி ஒரு பாலே நடனக்காரியும் ஒரு வயலின்காரனும். வயலின்காரனைப் பற்றிச் சொல்லும்போதே அவருக்கு உறுதியில்லை. படத்தில் காதலிப்பவர்களோ வயலின் கலைஞனும் பியானோ இசைக்கும் பெண்ணும். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் எழுதும் எவருக்கும் நேரக்கூடிய பிசகுதான். இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அற்பம் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். எனக்கு இது அற்பமாகப் படவில்லை. காட்சியின் இயக்கம் அவர் மனத்தில் துல்லியமாகத் தங்கியிருக்கிறது, பாத்திரங்கள் கரைந்துவிட்டார்கள். பிடிக்காத படம் ஒன்றின் அசைவு அத்தனை காலம் நிலைத்திருந்தால், அந்தப் படம் திரையில் தோற்றது என்று எப்படிச் சொல்வது? தவிர, இந்தப் படத்தில் தெசூகாவுக்கு உரியவை மூலக்கருத்தும் கட்டமைப்பும். இயக்கம் யமமோதோ எய்இச்சி, சகமோதோ யூசாகு இருவருடையது. கட்டுரை அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் அந்தக் கட்டுரையிலேயே காணலாம். சிறுவயதில் தெசூகாவின் தொடக்ககால மங்காக்களிலிருந்த துயரம் தம்மை ஈர்த்ததாக மியாசாகியே சொல்கிறார். தாம் மங்கா வரைய முயன்ற நாளில் தெசூகாவின் சாயல் தெரிந்ததால் படங்களை எரித்ததையும் சொல்கிறார். தாளில் ஈர்த்த அதே துயரம் திரையில் ஏன் அருவருப்பூட்டியது? தாளில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகன் கையில் இருக்கிறது; திரையில் அந்த நேரத்தை இயக்குநர் பிடித்துக்கொள்கிறார். மங்கா ஓவியன் இயக்குநராகும்போது நிகழும் அதிகார மாற்றம் இது. மியாசாகி தெசூகாவின் குறை என்று கண்டது பெருமளவு இந்த மாற்றத்தைத்தான் என்று கருதுகிறேன்.

கட்டுரையின் அடுத்த குற்றச்சாட்டான பணக் கணக்கு கடினமானது. 'ஆஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. அத்தியாயம் ஒன்றை 5 லட்சம் யென் என்ற அடிமாட்டு விலைக்குத் தெசூகா கொடுத்ததால்தான் பின்வந்த அனிமேஷன் முழுவதும் குறைந்த கூலியில் சிக்கியது என்கிறது கட்டுரை. தெசூகா தரப்பில் சொல்லப்பட்ட தொகை 5.5 லட்சம். அனிமேஷன் வரலாற்றாளர் சுகாதா நொபுயுகியின் ஆய்வோ, மன்னென்ஷா விளம்பர நிறுவனம் ஈடுகட்டியதையும் சேர்த்து 15.5 லட்சம் என்கிறது. தயாரிப்புச் செலவு இதையும் தாண்டியது என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. எனவே விலை குறைவு என்பது உண்மை. எவ்வளவு குறைவு என்பது இன்னும் வழக்கில் இருக்கிறது. அதே ஆண்டிலேயே தோயெய் உள்ளிட்ட போட்டியாளர்கள் தொலைக்காட்சித் தொடர்களுடன் களமிறங்கினார்கள். அவர்களுக்கான விலையையும் தெசூகாதான் நிர்ணயித்தார் என்பதற்கு முன்னுதாரணம் என்ற ஊகத்தைத் தவிர வேறு ஆதாரம் காட்டப்படுவதில்லை. வளரும் பொருளாதாரத்தில் தொலைக்காட்சி அனிமேஷன் எப்படியும் வந்திருக்கும், விசையை அழுத்தியவர் தற்செயலாகத் தெசூகா என்று மியாசாகியே சொல்லியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுவோர் இந்த வரியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

விலையைவிட முக்கியமானது முறை. ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவது, அசையாப் படத்தின் மேல் கேமராவை நகர்த்துவது, வாயை மட்டும் அசைப்பது, வரைந்ததைச் சேமித்து மீண்டும் பயன்படுத்துவது. இவை சிக்கனத்துக்காக வந்தவை என்பதை யாரும் மறுக்கவில்லை; அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹன்னா-பார்பரா நிறுவனம் முன்பே இவ்வழியில் போயிருந்தது. ஆனால் அசையாப் படங்களை அடுக்கியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கதை சொன்ன ஒருவருக்கு, எந்த முகத்தை எவ்வளவு நேரம் நிறுத்தினால் பார்ப்பவர் தாங்குவார் என்பது கைவந்த கணக்கு. அந்தக் கணக்கு திரைக்கு இடம்பெயர்ந்தது என்பதே என் துணிபு. இதற்கு நேரடி ஆவணம் இல்லை. இந்த உத்திகளில் சிலவற்றை முன்வைத்தவர் சகமோதோ என்ற சாட்சியமும் எனக்கு எதிராக நிற்கிறது. முஷி ஸ்டுடியோவின் தொடக்க ஆண்டே 1961 என்றும் 1962 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படும்போது, யார் எதை முதலில் சொன்னார் என்பதை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

பின்வந்த கதை தெரிந்ததே. மியாசாகி 1982இல் 'நௌசிகா'வை மங்காவாகத் தொடங்கி 1984இல் படமாக்கினார். ஓதோமோ கத்சுஹிரோ 'அகிரா' மங்கா முடியும் முன்பே 1988இல் அதன் படத்தை இயக்கினார். தாமே வரைந்ததைத் தாமே இயக்கும் உரிமை அவர்களுக்கு இயல்பாகக் கிடைத்தது. 1960இல் தெசூகாவுக்கு மூவரில் ஒருவர் என்ற இடம்தான்.

இயக்குநர் தெசூகாவை எடைபோட விரும்புவோர் 1984இல் ஸாக்ரெப் விழாவின் உயரிய பரிசைப் பெற்ற 'ஜம்பிங்' என்ற ஆறு நிமிடப் படத்திலிருந்து தொடங்கலாம். துள்ளிச் செல்லும் ஒருவரின் கண்வழியே தெரு, காடு, கடல், போர்க்களம், நரகம் வரை போய் மீண்டும் தெருவுக்கே வந்து சேரும் படம் அது. வாழ்நாளெல்லாம் பக்கத்தைக் கட்டங்களாக வெட்டியவர், அதில் ஓரிடத்தில்கூட ஷாட்டை வெட்டவில்லை.